முதலில் ஸ்தோத்திரம், பிறகு மனு

(அறுப்பின் பண்டிகைப் பட்டிமன்றம். தலைப்பு: சோதனைக் காலத்தில் விசுவாசியைத் தாங்கி நிறுத்துவது நன்றியறிதலா, முறையீடா? நன்றியறிதல் அணியின் நிறைவுப் பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, போதகர் ஐயா அவர்களே, வந்ததிலிருந்து என்னை முறைத்துக்கொண்டே இருக்கிற எதிரணியினரே, ஏலத்தில் எடுத்த ஏத்தன் வாழைக்குலையை மடியில் வைத்துக்கொண்டு பட்டிமன்றம் கேட்க உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

நடுவர் ஐயா, காலையில் காணிக்கைப் பொருட்களுக்கு நடந்த ஏலத்தை நீங்களும் பார்த்தீர்கள். ஒரு தேங்காய் நானூறு ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்புதான். தேங்காய் வேண்டுமென்றா அவர் கேட்டார்? இந்த வருஷம் அவர் தோப்பில் வாடல் விழுந்து பாதி மரம் போச்சு. அது ஊருக்கே தெரியும். பாதி மரம் போன மனுஷன்தான் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார், இறக்கவே இல்லை. என் கட்சிக்கு முதல் சாட்சி அவர்தான். அவர் இப்போது பந்தியில் இருக்கிறார், கூப்பிட வேண்டாம், சாப்பிடட்டும்.

எதிரணி நன்றாகவே பேசினார்கள். முதலில் பேசிய அண்ணன் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து, "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று கேட்கிற சங்கீதங்களையெல்லாம் அடுக்கினார். அடுத்து வந்த தங்கச்சி யோபுவைக் கொண்டுவந்து நிறுத்தி, "அழுது தீர்க்காமல் ஸ்தோத்திரம் சொல்கிறவன் வாயால் பொய் சொல்கிறான்" என்றார். அதற்கு எங்கள் அணிக்காரர் ஒருவரே கைதட்டினார். வீட்டுக்குப் போகையில் அவரைக் கவனித்துக்கொள்கிறோம். எதிரணித் தலைவர் ஒரு படி மேலே போனார். நன்றி சொல்லிச் சொல்லிப் பழகின ஜனம் தட்டிக்கேட்க மறந்துபோகும், ஏழையின் வாயை அடைக்கத்தான் நன்றியைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றார். மூன்றுக்கும் பதில் உண்டு. மூன்றாவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேசிவிட்டுச் சும்மா போக முடியாது.

அதற்கு முன்னால் எங்கள் அணியில் யார் யார் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

துக்க வீட்டுக்குப் போய், பெட்டியை எடுக்கும் முன்னாலேயே, "அழாதீங்க, தேவ சித்தம், ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று அந்த அம்மாவின் தோளைத் தட்டுகிறாரே ஒருவர், ஊருக்கு ஒருவர் இருப்பாரே, அவர் எங்கள் அணி இல்லை. லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்டார். அந்த வசனத்தை இவர் மட்டும் எப்படித் தாண்டிப் போனாரோ! அவரை எதிரணிக்கு இலவசமாகவே தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்.

"நன்றி சொன்னால் கடன் தீரும், நன்றி சொன்னால் கட்டி கரையும்" என்று மைக்கைப் பிடித்துக் கத்துகிற பிரசங்கியாரும் எங்கள் அணி இல்லை. அவர் பேசுவது வியாபாரம். சரக்கை முன்னால் வைத்து விலையைப் பின்னால் வாங்குவார்.

இன்னொருவர் உண்டு. அவரைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் வாய் கூசுகிறது, ஏனென்றால் அவர் நமக்குள்ளேயே இருக்கிறார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள். வாசலில் கட்டின நட்சத்திரம் கூட அவிழ்க்கவில்லை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்தது. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. அதற்கப்புறம் வந்த சாட்சிகள் சிலதை நான் கேட்டிருக்கிறேன். "பக்கத்து வீடு போச்சு, எங்க வீட்டை ஆண்டவர் காத்தார், ஸ்தோத்திரம்." கேட்கும்போது நெஞ்சு பதறும். பக்கத்து வீட்டுக்காரர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், அவருக்கு அந்த ஸ்தோத்திரம் எப்படி இருந்திருக்கும்? லூக்கா 18-இல் ஒரு பரிசேயன் ஆலயத்தில் நின்று, மற்ற மனுஷரைப்போல் நான் இல்லாததால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். வேதத்தில் ஸ்தோத்திரம் சொல்லியும் நீதிமானாக்கப்படாமல் வீட்டுக்குப் போன ஆள் அவன். அடுத்தவன் நஷ்டத்தை அளவுகோலாக வைத்துச் சொல்கிற நன்றியை எதிரணியைவிட நான் பலமாக எதிர்க்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள் நடுவர் ஐயா, இந்த ஒரு காரியத்தில் இரண்டு அணியும் ஒன்று.

சரி, தங்கச்சியின் யோபுவுக்கு வருகிறேன்.

யோபு முறையிட்டார், உண்மை. பிறந்த நாளையே சபித்தார், உண்மை. கடைசியில் கர்த்தர், யோபு பேசினதே நிதானம், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் பேசினது நிதானம் இல்லை என்று சொன்னதும் உண்மை. ஆனால் தங்கச்சி மூன்றாம் அதிகாரத்தில்தானே தொடங்கினீர்கள்? முதல் அதிகாரத்தை ஏன் திருப்பவில்லை? மாடு போச்சு, ஆடு போச்சு, ஒட்டகம் போச்சு, பிள்ளைகள் பத்துப் பேரும் ஒரே நாளில் போனார்கள். சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையிலே விழுந்த மனுஷன் முதலில் சொன்னது என்ன? "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை, கிழிந்த சால்வையோடு கிடந்தார். அழுகையும் நன்றியும் ஒரே தரையில்தான் கிடந்தன. முறையீடு அதற்குப் பிறகு வந்தது.

வரிசை முக்கியம் நடுவர் ஐயா. கலெக்டர் ஆபீஸில் மனுநீதி நாளுக்கு மனு எழுதுகிறோம். முதலில் "பெறுநர்" எழுத வேண்டும். பெறுநர் இல்லாத மனுவை எந்த மேஜையில் கொடுப்பீர்கள்? "கர்த்தர் கொடுத்தார்" என்று ஒருவன் சொல்லும்போது, இத்தனை நாள் என் வீட்டில் இருந்ததெல்லாம் யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடுகிறது. யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அந்த முதல் வரி இல்லாவிட்டால் யோபு அப்புறம் பேசினதெல்லாம் காற்றோடு பேசின பேச்சுதான். நன்றிதான் பெறுநர் முகவரி எழுதியது. எதிரணி மனுவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

இந்த யோபு கதை நம் மாவட்டத்தில் ஒரு வேலை செய்திருக்கிறது. வரலாறு தெரிந்தவர்கள் தலையாட்டுவீர்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். அவருக்குக் குடும்பத்தில் கஷ்டம், சொத்தில் நஷ்டம், மாடு கன்று செத்துப்போகிறது. முகம் வாடி நின்றவரிடம் என்ன காரியம் என்று கேட்டவர் டச்சுக்காரரிடம் வேலை பார்த்த தளபதி டிலனாய். டிலனாய் யார்? 1741 குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் கைதியான ஆள். ஊர் போச்சு, படை போச்சு, எதிரி ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுக்க வேண்டிய நிலைமை. அப்படிப்பட்ட ஒருவர்தான் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக நம் ஊர் பாரம்பரியம் சொல்கிறது. எல்லாம் போன ஒருவர், மாடு போன ஒருவருக்கு, எல்லாம் போன இன்னொருவர் கதையைச் சொல்கிறார்! நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அப்புறம் சிறை, அடி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்தது, 1752 ஜனவரி 14 ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். நான் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரி, புனிதர் பட்டத்தைப் பற்றிப் பேசப் போதகர் ஐயாவிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். யோபு கதையைக் கேட்ட அந்த மனுஷனுக்கு மாடு திரும்பி வந்ததா? வரவில்லை. அதற்கப்புறம் வந்தது அதைவிடப் பெரிய நஷ்டம். ஆனாலும் அவர் விட்டுப் போகவில்லையே. முறையீடு மட்டும் கையில் இருந்த ஒருவர் பதில் வராதபோது என்ன செய்திருப்பார்? மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு அரண்மனைக்கே திரும்பியிருப்பார். வாசல் திறந்துதான் இருந்தது.

பழைய காலம் போதும். நான் நர்ஸ், எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பெரிய ஆசை பிரியாணி இல்லை, தண்ணீர். சிறுநீரகம் வேலை செய்யாதவர் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு கொடுத்திருப்போம். திருட்டுத்தனமாய்க் குடித்தால் அடுத்த தடவை எடை மெஷினில் ஏறும்போது தெரிந்துவிடும். அந்த மெஷினைக் கண்டால் பெரிய பெரிய ஆட்களே பள்ளிக்கூடப் பையன் மாதிரி நெளிவார்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு தாத்தா வருவார். கையில் ஊசி குத்தின இடமெல்லாம் வீங்கிப் புடைத்திருக்கும். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்ததும் அரை கிளாஸ் தண்ணீர் கேட்பார். கொடுத்தால் உடனே குடிக்க மாட்டார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு ஜெபம். சின்ன ஜெபம் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தி ஜெபத்தைவிட நீளம். எனக்கு அடுத்த பெட்டில் ஆள் காத்திருக்கும். "தாத்தா, சீக்கிரம்" என்பேன். ஒருநாள் கண்ணைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "மக்ளே, நான் அருவிக்கரையில பிறந்தவன். செம்பு செம்பாக் கோரிக் குடிச்ச காலத்துல ஒரு நாளும் கண்ணை மூடினதில்ல. அந்தப் பாக்கியையும் சேத்துல்லா இப்ப சொல்லணும்? நேரம் ஆகத்தான் செய்யும்."

எதிரணித் தங்கச்சி இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, வாயடைத்துப் போன தாத்தா" என்று சொல்லிவிடாதீர்கள். அதே தாத்தா அரை மணி நேரம் கழித்துக் கீழே காப்பீட்டு கவுண்டருக்குப் போவார். ஒரு பேப்பரில் சீல் சரியாக விழவில்லை என்று திரும்பத் திரும்ப அலைய விட்டிருந்தார்கள். அவர் போட்ட சத்தம் இரண்டாம் மாடியில் எங்களுக்குக் கேட்டது. ஸ்தோத்திரம் சொன்ன அதே தொண்டைதான். சீல் வாங்காமல் அவர் அங்கிருந்து நகரவில்லை. அவருக்குச் சிறுநீரகம் திரும்பி வந்ததா என்று கேட்டால் வரவில்லை. வரும் என்று அவர் ஜெபத்தில் கேட்டதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் கேட்டதைவிடச் சொன்னதுதான் அதிகம்.

இங்கிருந்து தலைவர் அண்ணனுக்குப் பதில் தொடங்குகிறது.

அண்ணே, நன்றி சொல்கிற ஜனம் தட்டிக்கேட்காது என்றீர்கள். நம்ம பூட்டிகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இன்ன சாதிப் பெண் மாரை மறைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. தோள்சீலைப் போராட்டம் 1822-இல் தொடங்கி 1859 ஜூலை 26-இல் அரசாணை வரும்வரை விட்டுவிட்டு எரிந்தது. நடுவில் சந்தையில் சீலையைக் கிழித்தார்கள், ஜெபக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற பெண்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் துதி பாடிவிட்டு, வாரச் சந்தைக்குக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுப் போனவர்கள். ஆண்டவர் என்னை அவருடைய சாயலில் படைத்தாரே என்று ஞாயிற்றுக்கிழமை நன்றி சொன்னவளுக்கு, திங்கட்கிழமை எவனோ ஒருவன் வந்து மார்சீலையை இறக்கு என்றால் கோபம் வராதா? நன்றி அந்தக் கோபத்தைத் தணிக்கவில்லை அண்ணே. தனக்கு ஒரு மதிப்பு உண்டு, அது இலவசமாய் வந்தது, ராஜா கொடுத்ததில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த நன்றிதான். தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறவள் எதைப் பறிகொடுத்ததாக முறையிடுவாள்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் 2017-க்கு வாருங்கள். நவம்பர் 30, ஒக்கிப் புயல். நம் வீட்டு ரப்பர் மரமும் வாழையும் சாய்ந்ததை நாம் பார்த்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிக்காரர்கள் பார்த்தது வேறு. ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன ஆண்கள் அவர்கள். புயல் வருகிற செய்தி போய்ச் சேராத தூரத்தில் கிடந்தார்கள். பல வீட்டில் உடல் கூட வரவில்லை. தேடுவதற்கு ஆள் வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, கரையில் மிச்சம் இருந்தவர்கள் தங்கள் படகையே எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஆண், பெண், கைக்குழந்தை, பங்குத்தந்தையர். ரயில் ஓடவில்லை. எதிரணி கேட்கலாம், இது முறையீடுதானே, எங்கள் சாட்சியை நீ ஏன் எடுக்கிறாய் என்று.

எடுக்கிறேன். ஏனென்றால் அந்தக் கரையில் எனக்குக் கூடப் படித்த தோழி உண்டு. அவர்கள் கோயிலில் திருப்பலிக்கு நான் போயிருக்கிறேன். நற்கருணைப் பகுதி தொடங்கும்போது குருவானவர், "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்பார். ஜனம் பதில் சொல்லும்: "அது தகுதியும் நீதியும் ஆனதே." கல்யாணத் திருப்பலியிலும் இதே வார்த்தைதான், அடக்கத் திருப்பலியிலும் இதே வார்த்தைதான். துக்கத்துக்காக இந்த வரியை எடுத்துவிடுகிற வழக்கம் இல்லை. உடலே இல்லாமல் போட்டோவை மட்டும் வைத்துப் பலி வைத்த வீட்டாரும், தொண்டை அடைத்துக்கொண்டாவது, இந்தப் பதிலைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொன்ன ஜனம்தான் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தது. ஆண்டவருக்கு எது தகுதியும் நீதியும் என்று தெரிந்தவர்களுக்கு, அரசாங்கம் எங்கே நீதி தவறியது என்றும் தெரிந்திருந்தது.

கடவுளிடம் நன்றி, கலெக்டரிடம் மனு. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுப்பதில்தான் நமக்குக் கோளாறு. ரோடு போடாத பஞ்சாயத்துக்கு மாலை போட்டுக் கைகூப்பி நிற்கிறோம், வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று ஆண்டவரிடம் ரோட்டுக்கு மனுப் போடுகிறோம். அண்ணே, நீங்கள் திட்ட வேண்டியது இந்தப் பழக்கத்தை. பாவம், நன்றியைத் திட்டிவிட்டீர்கள்.

(ஒரு மணி அடித்துவிட்டது. பார்த்தேன் ஐயா, முடித்துவிடுகிறேன்.)

முதலாவது பேசிய அண்ணனுக்கு ஒரு வார்த்தை. சங்கீதம் 88-ஐப் படித்துவிட்டு, "இதில் நன்றி எங்கே?" என்று என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். உண்மையாகவே கனமான சங்கீதம் அது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. துதியென்று தனியாக ஒரு வரி கூட அதில் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, அதன் முதல் வசனத்தில் அந்த மனுஷன் ஆண்டவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்? "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே." எப்போதோ ஒரு நாள் இரட்சித்ததை மறக்காதவன்தானே அப்படிக் கூப்பிடுவான்? நான் சொன்னேனே, பெறுநர் முகவரி, அது அந்தச் சங்கீதத்திலும் மேலேதான் எழுதியிருக்கிறது.

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் வாசிக்கிற நேரத்தில் நம்மில் பாதிப் பேர் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை. அன்றைக்குச் செயலர் ஐயா வழக்கம்போல வாசித்துக்கொண்டே போனார். மகனுக்கு விசா கிடைத்ததற்கு ஐந்நூறு. புது வீடு பால் காய்ச்சினதற்கு ஆயிரம். பேத்தி பத்தாம் வகுப்பு பாஸானதற்கு இருநூறு. அடுத்த கவரை எடுத்தார், வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்கிற ஒரு அக்கா போட்ட கவர். அந்த வாரம் புதன்கிழமைதான் அவர் புருஷனை அடக்கம் பண்ணினோம். அடக்கத்தில் அந்த அக்கா அழுத அழுகை எனக்குத் தெரியும், நான்தான் கையைப் பிடித்திருந்தேன். முந்திரித் தோட்டு எண்ணெய் ஏறிக் கறுத்த விரல்கள், என் கையை விடவே இல்லை. கவரில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "முப்பத்தொன்று வருஷம் கூட இருக்கத் தந்ததற்கு. ரூ. 310."

வருஷத்துக்குப் பத்து ரூபாய்.

தங்கச்சி, அழுது தீர்க்காமல் சொல்கிற ஸ்தோத்திரம் பொய் என்றீர்களே. அந்த அக்கா அழுது தீர்க்கவில்லை. இன்றைக்கும் தீரவில்லை. அந்தக் கவர் பொய்யா? அதை எழுதச் சொல்லி யாரும் அவர் தோளைத் தட்டவில்லை. போதகர் ஐயாவுக்குக் கூடத் தெரியாது. செத்த வருஷத்தை விட்டுவிட்டு இருந்த வருஷத்தை எண்ணிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முறையீட்டுக்கு இன்றைக்கு என்ன இல்லை என்று மட்டும்தான் தெரியும். முப்பத்தொன்றை எண்ணத் தெரிந்தது நன்றிக்குத்தான். இருளில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் மறுபடி எழுந்து வேலைக்குப் போக எதை வைத்து எழுந்திருப்பார், இல்லாததை வைத்தா, இருந்ததை வைத்தா?

(இரண்டாவது மணியும் ஆயிற்று. கடைசிச் சாட்சி ஐயா, அது ஆண்டவரேதான்.)

எதிரணியில் மூன்று பேரும், ஒருவர் விடாமல், சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிட்டதைச் சொன்னார்கள். ஆண்டவரே முறையிட்டார், நீ யார் முறையிடாமல் இருக்க என்றார்கள். நியாயமான கேள்வி. மத்தேயு 26-ஐத் திறவுங்கள். அதற்கு முந்தின ராத்திரி. யூதாஸ் காசு வாங்கியாயிற்று, அது அவருக்குத் தெரியும். பேதுரு மறுதலிக்கப் போகிறான், அதுவும் தெரியும். பந்தியில் உட்கார்ந்து அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்தார். 27-ஆம் வசனத்தில் பாத்திரத்தையும் எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். எந்தப் பாத்திரம்? சிந்தப்படுகிற என் இரத்தம் என்று அவரே சொன்ன பாத்திரம். அதற்காக ஸ்தோத்திரம் சொன்னார். 30-ஆம் வசனத்தில் பாட்டுப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள். 39-ஆம் வசனத்தில் முகங்குப்புற விழுந்து, "என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்றார்.

27-இல் ஸ்தோத்திரம், 39-இல் முறையீடு. நடுவில் பதினொரு வசனம்தான். அவர் முறையிடவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வியர்வை இரத்தமாய் விழ முறையிட்டார். ஆனால் மேஜை முதலில், தோட்டம் பிறகு. தோட்டத்தில் "பிதாவே" என்று கூப்பிட்ட வாய், அதற்குச் சற்று முன்னால் மேஜையில் நன்றி சொன்ன வாய்.

எதிரணித் தலைவருக்கு மறுப்புரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கிறது. அண்ணே, வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், தாத்தாவை விடுங்கள், அந்த அக்காவின் கவரையும் விடுங்கள். 39-ஐ 27-க்கு முன்னால் கொண்டுவந்து காட்டுங்கள். காட்டிவிட்டால் நடுவர் ஐயா தீர்ப்பு எழுதவே வேண்டாம், எங்கள் அணி இப்போதே எழுந்து பந்திக்குப் போய்விடுகிறோம். மைக் இதோ.